இல்லமும் இயந்திரமும்: பழைய காமிராவும் புதிய கணினியும்

சென்ற திங்கள் இப்பகுதியில், வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களை ஈரத்தினின்றும் பூச்சியினின்றும் காக்கும் வகையைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களால் விடுத்திருக்கின்றனர். "வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிஜிட்டல் காமிரா ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் புதிய கணினியோடு இணைத்து, திரையில் பார்த்தபடியே பழைய படங்களைப் பிரதி எடுக்க இயலுமா? கடைக்காரரைக் கேட்டால், அந்தக் காமிராவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்கிறார்" என்பதே அவ்வினாவின் சாரம்.

இயலும் என்பதே நம் விடை. எனினும் எல்லாக் காமிராக்களும் ஒரே தன்மையன அல்ல. சில, கேபிளைச் செருகியவுடன் பணிக்கு வந்துவிடும். சிலவற்றைச் சற்று நயந்து அழைக்க வேண்டும். மிகப் பழையன சிலவற்றுக்குச் சுற்றுவழி காண வேண்டியிருக்கும். எது எவ்வகை என்று தெரிந்துகொண்டால், ஒரு திங்கள் ஊதியத்தைப் புதிய காமிராவில் இடுவதற்கு முன் ஒருமுறை சிந்திக்கலாம்.

பிணைத்துப் படமெடுத்தல் என்பது யாது?

காமிராவைக் கேபிள் வழியாகக் கணினியோடு சேர்த்து, கணினியிலிருந்தே அதனை இயக்கிப் படமெடுத்து, எடுத்த படம் அக்கணமே திரையில் தோன்றுமாறு செய்வதை ஆங்கிலத்தில் 'டெதர்டு ஷூட்டிங்' என்பர். 'டெதர்' என்றால் கன்றைக் கட்டிவைக்கும் தாம்பு. கன்று தாம்பின் எல்லைக்குள் நிற்பதுபோல் காமிராவும் கேபிளின் எல்லைக்குள் நிற்கிறது. யு.எஸ்.பி. 2.0 முறைப்படி அந்தத் தாம்பின் நீளம் 5 மீட்டரை மிஞ்சலாகாது. வீட்டுப் பணிக்கு 2 மீட்டரே போதும்.

இதனால் வரும் பயன்கள் மூன்று. முதலாவது, காமிராவைக் கையால் தொடாமலே படமெடுப்பதால் அசைவு ஏற்படாது. இரண்டாவது, காமிராவின் பின்புறமுள்ள சிறு திரையில் தெரியாத மங்கலும் கண்ணாடிப் பளபளப்பும் கணினியின் பெரிய திரையில் உடனே தெரிந்துவிடும். படத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மறுபடி எடுத்துவிடலாம். மூன்றாவது பயனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம். நம் கருத்தில் மற்ற இரண்டினும் அதுவே பெரிது.

அகலப் பாதையும் மீட்டர் பாதையும்

பழைய காமிராவும் புதிய கணினியும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஊருக்குப் போய்வந்த பழைய நாட்களை நினைத்துப் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் அகலப் பாதை வண்டி சென்னை சென்ட்ரலோடு நின்றுவிடும். தெற்கே செல்லும் மீட்டர் பாதை வண்டி எழும்பூரில் காத்திருக்கும். ஒன்றின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். மற்றதன் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். இரண்டும் இரயில்தான், இரண்டும் நன்றாகவே ஓடின. ஆயினும் ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஏறாது. டிரங்குப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு, இடையில் ஒரு வண்டி பிடித்து எழும்பூர் சென்றாக வேண்டும். 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தின் பயனாக அத்தொல்லை இன்று நீங்கிவிட்டது.

காமிராவின் கதையும் அதுவே. பழைய காமிரா கெட்டுப்போய்விடவில்லை. புதிய கணினியிலும் குறை ஏதுமில்லை. இடையே பாதையின் அளவு மாறிவிட்டது. மாறிய இடங்கள் மூன்று: கேபிளின் முனை, இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி, கணினியில் அமர்ந்து அம்மொழியைப் பெயர்த்துச் சொல்லும் மென்பொருள். இம்மூன்றையும் வரிசையாகச் சரிபார்ப்பதே முறை.

கேபிள்

யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இண்டெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கியவர்களில் முன்னின்றவரான அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2000-இல் இரண்டாம் பதிப்பும், 2008-இல் மூன்றாம் பதிப்பும், 2014-இல் 'சி' வகை முனையும் வந்தன. பழைய சாதனத்தைப் புதிய துளையில் செருகினாலும் இயங்க வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை விதி. ஆகவே இப்பகுதியில் பெரும் தடை ஏதுமில்லை.

2003 முதல் 2010 வரை வந்த காமிராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 'மினி பி' என்னும் முனை. கைபேசிகளில் பின்னர் வந்த 'மைக்ரோ' முனையினும் இது தடித்தது. நிக்கான் காமிராக்கள் சிலவற்றில் எட்டு ஊசிகள் கொண்ட தனி முனை இருக்கும். அதற்கு அந்த நிறுவனத்தின் வகைக் கேபிளே வேண்டும். புதிய மடிக்கணினியில் 'சி' துளை மட்டுமே இருப்பின், 'சி'யிலிருந்து 'மினி பி'க்குச் செல்லும் கேபிளை வாங்கலாம். அல்லது பழைய கேபிளின் மறுமுனையில் ஒரு சிறு மாற்றியைப் பொருத்தலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் 'மினி பி' என்று விற்கப்படும் மலிவான கேபிள்களுள் சில மின்னேற்றத்திற்கு மட்டுமே உரியவை. அவற்றினுள் செய்தியைக் கடத்தும் கம்பிகளே இரா. அத்தகைய கேபிளைச் செருகிவிட்டுக் காமிரா பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறொரு கேபிளைக் கொண்டு சோதித்த பின்னரே மேற்கொண்டு செல்லுக. நடுவே கிளைப்பெட்டி எதுவும் இன்றி முதலில் கணினியிலேயே நேராகச் செருகிப் பார்ப்பதும் நன்று.

வேகத்தையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். 2003-இல் வந்த கேனன் 300டி, 2004-இல் வந்த நிக்கான் டி70 ஆகியவை வினாடிக்கு 12 மெகாபிட் செல்லும் பழைய வேகத்தை உடையன. 10 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் அதில் வந்து சேர, கணக்குப்படி ஏறத்தாழ 7 வினாடிகள். நடைமுறையில் அதற்கும் மேலாகும். 2005-இல் வந்த கேனன் 350டி முதலியவை 480 மெகாபிட் வேகத்தைக் கொண்டவை. அவற்றில் படம் ஓரிரு வினாடிகளில் திரைக்கு வந்துவிடும். அசையாத படங்களைப் பிரதி எடுப்பவர்க்கு மெதுவான வேகமும் பெரிய குறையன்று.

மொழி

கேபிள் வழியே காமிராவும் கணினியும் பேசிக்கொள்ளப் பொதுவானதொரு மொழி உண்டு. அதன் பெயர் பி.டி.பி. பின்னர் ஐ.எஸ்.ஓ. 15740 என்னும் உலகத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றும் இம்மொழியைத் தாமாகவே அறியும்.

ஆனால் இம்மொழி பரவிய தொடக்க ஆண்டுகளில் வந்த காமிராக்களுக்கு இரண்டு வாய்கள் இருந்தன. நிக்கான் டி70, டி80 போன்றவற்றின் அமைப்புப் பட்டியலில் யு.எஸ்.பி. என்றொரு வரி இருக்கும். அதில் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று வைத்தால், காமிரா தன்னை ஒரு பென் டிரைவ் என்று அறிவித்துக்கொள்ளும்; எடுத்த படங்களை வாரிக் கொடுக்கும்; ஆனால் 'படம் எடு' என்னும் ஆணைக்குச் செவி சாய்க்காது. அவ்வரியை 'பி.டி.பி.' என்று மாற்றினாலன்றிப் பிணைத்துப் படமெடுக்க இயலாது. "கணினி காமிராவைக் காட்டுகிறது, படமெடுக்க மட்டும் மறுக்கிறது" என்று குறைப்படுபவர்கள் முதலில் நோக்க வேண்டிய இடம் இதுவே.

கேனன் 20டி, 350டி, 2005-இல் வந்த முதல் 5டி ஆகியவற்றில் 'கம்யூனிகேஷன்' என்னும் வரியின்கீழ் இரண்டு தேர்வுகள் உள்ளன: ஒன்று 'பிரிண்ட்/பி.டி.பி.', மற்றது 'பி.சி. கனெக்ட்'. இங்கே நிலைமை தலைகீழ். பி.டி.பி. என்று வைத்தால் படங்களை இறக்கிக்கொள்ளலாம். கணினியிலிருந்து காமிராவை இயக்க வேண்டுமாயின் 'பி.சி. கனெக்ட்' என்றே வைக்க வேண்டும். அப்போது அக்காமிரா பேசுவது கேனன் நிறுவனத்தின் சொந்த மொழி. அதைப் பெயர்த்துச் சொல்ல டிரைவர் என்னும் தனி மென்பொருள் தேவை. தொல்லை தொடங்குமிடமும் அதுவே.

மென்பொருள்

அந்த டிரைவரை கேனன் நிறுவனம் 32 பிட் விண்டோஸுக்காகவே வெளியிட்டது. 64 பிட் விண்டோஸுக்கு வெளியிடவில்லை. இன்றைய விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட். எனவே 350டி போன்ற காமிராவை 'பி.சி. கனெக்ட்' நிலையில் வைத்துப் புதிய கணினியில் செருகினால், அது 'யாரோ வந்திருக்கிறார்' என்று மட்டும் அறியும். யார் என்று அறியாது. கடைக்காரர் கையை விரிப்பது இதனாலேயே.

2006-இல் வந்த 400டி முதற்கொண்டு அவ்வரிசைக் காமிராக்கள் பொது மொழியிலேயே ஆணைகளை ஏற்றன. 2008-இல் வந்த 450டி, 1000டி ஆகியன வைத்திருப்போர் கவலைப்பட வேண்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது கேனன் வழங்கும் 'இ.ஓ.எஸ். யுடிலிட்டி' என்னும் மென்பொருள் ஒன்றே. அது 32 பிட் மென்பொருளாயினும் 64 பிட் விண்டோஸிலும் இயங்கும். நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பவற்றுள் சில, முன்பே அம்மென்பொருள் கணினியில் இருந்தால் மட்டும் அதனைப் புதுப்பிப்பவை. அத்தகையது கிடைத்தால் காமிராவோடு வந்த குறுந்தட்டைத் தேடி எடுக்க வேண்டும். புதிய மடிக்கணினியில் குறுந்தட்டுத் துளை இராது. தட்டுள்ள வேறொரு கணினியில் அதனைப் பென் டிரைவுக்குப் பெயர்த்துக்கொள்ளலாம். ஆதலின், காமிராப் பெட்டியில் கிடக்கும் வெள்ளித்தட்டைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள்.

மாக் கணினி உடையோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2019-இல் வந்த காடலினா பதிப்பு முதல் 32 பிட் மென்பொருள்கள் அங்கே இயங்கா. ஆகவே இ.ஓ.எஸ். யுடிலிட்டியின் பழைய பதிப்புகள் அங்கே பயன்படா.

நிக்கான் காமிராவுக்கு அந்நிறுவனத்தின் 'காமிரா கண்ட்ரோல் புரோ' விலைகொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. அதற்கு மாற்றாக விண்டோஸில் 'டிஜிகாம் கண்ட்ரோல்' என்னும் இலவச மென்பொருள் உண்டு. 2008-இல் வந்த டி90 முதலிய பல காமிராக்களை அது நன்கு ஆளும். கேனன் காமிராக்கள் பலவற்றையும் ஏற்கும்.

இனி, 350டி போன்ற பழைய காமிராவுக்கு என்ன வழி? மூன்று உள்ளன.

முதல் வழி லினக்ஸ். 'ஜீஃபோட்டோ' என்னும் கட்டற்ற மென்பொருள் பல நூறு காமிராக்களின் மொழிகளைக் கற்று வைத்திருக்கிறது. 350டி காமிராவை இயல்பு நிலை, பி.டி.பி. நிலை என இரண்டு பதிவுகளாக அது தன் பட்டியலில் வைத்துள்ளது. கணினியிலுள்ள விண்டோஸைத் தொடாமலே, உபுண்டு முதலிய லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். ஆணைகளைத் தட்டெழுத விரும்பாதோர்க்கு 'எண்டாங்கிள்' என்னும் முகப்பு மென்பொருள் இருக்கிறது. அங்கே ஒரு சிறு இடையூறு நேரும்: காமிராவைச் செருகியதும் லினக்ஸின் கோப்பு மேலாளர் முந்திக்கொண்டு அதனைப் பிடித்துவிடும். ஒரு பாதையில் ஒரு வண்டி நிற்கையில் மற்றொன்றை உள்ளே விடலாகாது அன்றோ? கோப்பு மேலாளரில் காமிராவின் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றக் குறியை அழுத்திவிட்டால் பாதை காலியாகும். பிறகு எண்டாங்கிள் காமிராவை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் வழி, பரணில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினி. அதன் மின்சாரமும் திரையும் சரியாக இருந்தால், அக்காமிராவுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. ஆயினும் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றுவிட்டன. எனவே அக்கணினியை இணையத்தோடு சேர்க்கவே கூடாது. படமெடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வெளியே கொணர்க.

மூன்றாம் வழி, புதிய கணினிக்குள்ளேயே 'விர்ச்சுவல் பாக்ஸ்' போன்ற மென்பொருளால் ஒரு கற்பனைக் கணினியை அமைத்து, அதில் முறையான உரிமம் பெற்ற 32 பிட் விண்டோஸை நிறுவி, யு.எஸ்.பி. இணைப்பை அதற்குத் திருப்பிவிடுவது. வீட்டில் கணினி பயிலும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் விட்டுவிடலாம். ஒரு மாலைப் பொழுதில் முடித்துத் தருவார்கள்.

இம்மூன்றுக்கும் இசையாதவர்கள் காமிராவைத் தனியே இயக்கி, மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் இட்டுப் படங்களைக் காணலாம். பிணைப்பின் நன்மை அதில் இல்லை, படமேனும் கிடைக்கும்.

அமைப்பும் ஒளியும்

"இவ்வளவு பழைய காமிராவில் எடுத்த படம் தெளிவாக இருக்குமா?" என்று ஓர் அன்பர் கேட்டார். கணக்கிட்டுப் பார்ப்போம். 1000டி காமிராவின் படம் நீளவாட்டில் 3,888 புள்ளிகள் கொண்டது. 6 அங்குல நீளமுள்ள பழைய படத்தைச் சட்டம் நிறையப் பிரதி எடுத்தால் அங்குலத்திற்கு 648 புள்ளிகள் விழும். 350டி காமிராவில் 3,456 புள்ளிகள், அங்குலத்திற்கு 576. அச்சிடுவதற்கு 300 இருந்தால் போதும் என்பது வழக்கம். ஆகவே 6 அங்குலப் படத்தை இருமடங்கு பெரிதாக்கி மாட்டினாலும் குறைவராது.

ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். தனித்தாளாக உள்ள படத்திற்கு அது நன்றே. ஆனால் கண்ணாடிச் சட்டத்தில் பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்ட படம், வளைந்து முறுகிய அட்டைப் படம், பிரிக்க முடியாத தடித்த ஆல்பம் ஆகியவற்றை ஸ்கேனரில் கவிழ்க்க இயலாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரித்தெடுக்க முயன்றால் முகமே கண்ணாடியோடு போய்விடும். அதனை அப்படியே வைத்துக் காமிராவால் எடுப்பதுதான் அறிவுடைமை.

காமிராவைத் தாங்கியில் மாட்டி நேர் கீழ்நோக்கி நிறுத்துக. காமிரா படத்திற்கு இணையாக நிற்கிறதா என்று அறிய எளிய உபாயம் உண்டு. படம் வைக்குமிடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியைக் கிடத்தி, காமிராவின் வழியே நோக்குங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுமையத்தில் தெரிந்தால் காமிரா நேராக இருக்கிறது. ஒதுங்கித் தெரிந்தால் அவ்வளவு சாய்ந்திருக்கிறது.

ஒரே வகையான இரண்டு விளக்குகளைப் படத்தின் இருமருங்கிலும் 45 பாகைச் சாய்வில் வைத்தால், கண்ணாடிப் பளபளப்பு லென்ஸுக்குள் வராது. மற்ற விளக்குகளை அணைத்துச் சன்னல் திரையையும் இழுத்துவிடுக. ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸின் துளை எஃப் 8 என்று வைப்பது பெரும்பாலும் பொருந்தும். வேகம் குறைந்தாலும் அச்சமில்லை. காமிராவைத் தொடுபவர் யாருமில்லையே!

1000டி, 450டி காமிராக்களில், பட்டியலில் 'லைவ் வியூ' என்பதை இயங்கும்படி முன்னரே வைத்துவிட்டால், படத்தை எடுப்பதற்கு முன்பே கணினித் திரையில் காணலாம். ஒரு பகுதியைப் பெருக்கி, திரையிலுள்ள அம்புக்குறிகளால் குவியத்தையும் திருத்தலாம். அதற்கு லென்ஸிலுள்ள விசை தானியங்கும் நிலையில் இருக்க வேண்டும். 350டி காமிராவில் லைவ் வியூ இல்லை. எடுத்த பின்னரே படம் திரைக்கு வரும்.

இன்னும் சில நுணுக்கங்கள். காமிரா சும்மா இருந்தால் தானே அணைந்துபோகும் ஏற்பாட்டை நீக்கிவிடுக. இடையில் அணைந்தால் இணைப்பு அறும். இப்பழைய காமிராக்களுக்கு யு.எஸ்.பி. கேபிள் மின்சாரம் ஊட்டாது. லைவ் வியூ பாட்டரியை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே இரண்டு பாட்டரிகளாவது வேண்டும். பாட்டரி வடிவிலேயே அமைந்து சுவரிலிருந்து மின்சாரம் கொடுக்கும் இணைப்பி கிடைத்தால் மிக நன்று. நெடுநாள் கிடந்த காமிராவில் தேதி தவறியிருக்கும். அதனைத் திருத்திய பின்னரே தொடங்குக. மென்பொருளில் படத்தைக் கணினியிலும் கார்டிலும் ஒருசேரச் சேமிக்கும் தேர்வு இருப்பின் அதனையே கொள்க.

மூன்றாவது பயன்

முன்னே கூறாது வைத்த மூன்றாவது பயனுக்கு வருவோம். சென்ற மாதம் நம் சங்கத்து இளைஞர்கள் சிலர், மாற்றல் உத்தரவு பெற்ற ஒரு குடும்பத்தின் இல்லத்திற்கு இத்தகைய பழைய காமிராவை எடுத்துச் சென்றனர். நாமும் உடன் சென்றிருந்தோம். மறுவாரம் சாமான்கள் லாரியில் ஏற வேண்டும். சுவரில் மாட்டியிருந்த திருமணக் குழுப்படம் ஒன்று, கண்ணாடியோடு ஒட்டிப்போனது, முப்பது பேருக்கு மேல் நின்றும் அமர்ந்தும் இருந்தனர். ஒவ்வொரு முகமும் மிளகளவு. மணமக்களைத் தவிர மற்றவர் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. எண்பது வயதைக் கடந்த அவருடைய அன்னையாருக்கோ கண்பார்வை மங்கல். அப்படத்தைக் கையில் கொடுத்தபோதெல்லாம், "எனக்கென்ன தெரியுது, எல்லாம் ஒரே புகையா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

காமிரா சொடுக்கியது, படம் திரையில் விரிந்தது. தம்பி ஒருவர் பின்வரிசையை மெல்லப் பெருக்கிக்கொண்டே சென்றார். ஒரு முகம் திரையளவு வந்தபோது, கட்டிலில் அமர்ந்திருந்த அம்மூதாட்டியார், "நிறுத்து தம்பி, அங்கேயே நிறுத்து" என்றார். எழுந்து வந்து திரையருகே குனிந்து நின்றார். "இது எங்க சின்னம்மா. அந்த மூக்குத்தியைப் பாரு. என்னைத் தூக்கி வளர்த்தவ. இவளுக்கு வேற படமே கிடையாது" என்றார். பிறகு வரிசையாக முகங்கள் வந்தன, பெயர்களும் வந்தன. அவருடைய பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வலமிருந்து இடமாக எண்ணிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் இருபத்து மூன்று பெயர்கள் கிடைத்தன. மற்றவர்களை அவருக்கும் நினைவில்லை.

காமிராவைத் தனியே எடுத்துச் சென்று படமெடுத்து, நாலு நாள் கழித்து அனுப்பியிருந்தால் படம் மட்டுமே கிடைத்திருக்கும். எடுத்த நொடியில், உரியவர் அருகிலிருக்கையில், பெரிய திரையில் தோன்றியதால் பெயர்களும் கிடைத்தன. வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோரின் வீடுகளில் இது சிறிய செய்தியன்று. ஊரில் இருப்போர்க்கு இன்னார் யார் என்று சொல்ல அடுத்த தெருவில் ஒரு பெரியப்பா இருப்பார். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. வீட்டிலுள்ள ஒரு பாட்டியாரோ தாத்தாவோ சொன்னால்தான் உண்டு. படம் இன்னும் இருபது ஆண்டு தாங்கலாம். சொல்பவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதி யார் தருவார்?

செய்ய வேண்டுவன

ஆகையால் வாசகர்கள் இதனை ஒரு குடும்ப வேலையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். முதல்நாள் இரவே கேபிள், காமிரா, மென்பொருள் மூன்றும் ஒத்துழைக்கின்றனவா என்று ஒரு நாட்காட்டித் தாளை எடுத்துச் சோதித்துவிடுங்கள். பெரியவர்களைக் காக்கவைத்துக்கொண்டு மென்பொருளோடு போராடுவது அழகன்று. அவர்கள் சோர்ந்து எழுந்து போய்விடுவார்கள். திரையை அவர்கள் கண்ணுக்கு நேராக, ஒளி கூசாத இடத்தில் வையுங்கள். ஒருவர் காமிராவைக் கவனிக்க, ஒருவர் பெயர் எழுதட்டும். படத்தின் எண்ணையும், முகங்களின் வரிசையையும், உறவு முறையையும், ஊரையும் எழுதுவது முக்கியம். பெயர் நினைவுக்கு வராவிடில் வற்புறுத்தாதீர்கள். அடுத்த படத்துக்குச் சென்று மீண்டு வந்தால், சில வேளை தானே வரும். பழைய படத்தின் பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் அங்கே இருக்கக்கூடும். அதனையும் ஒரு படம் எடுத்துவிடுக.

எடுத்த படங்களைக் கணினியில் மட்டும் விட்டுவிடாமல் இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைப்பது நன்று. மூலப் படத்தை எறிந்துவிட வேண்டா. சென்ற திங்கள் கூறியவாறு அமிலமற்ற உறையில் இட்டு வைக்கவும்.

தம் வீட்டுக் காமிரா எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரியாத அன்பர்கள், அதன் முகப்பிலுள்ள எண்ணையும் கணினியில் உள்ளது விண்டோஸா, மாக்கா, லினக்ஸா என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சங்க நூலகத்திலுள்ள வினாப் பெட்டியில் இடுக. இயன்றவரை விடை தருவோம். காமிரா இல்லாத இல்லங்களுக்கு, குறிப்பாக மாற்றல் உத்தரவு வந்துவிட்ட குடும்பங்களுக்கு, முன்னே சொன்ன இளைஞர்களே காமிராவோடு வர இசைந்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது இரண்டு விளக்குகள் வைக்க ஒரு மேசையும், அருகே அமர்ந்து பெயர் சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவருமே.

வரும் திங்கள், இவ்வாறு சேர்த்த படங்களுக்கும் பெயர்களுக்கும் கணினியில் தமிழிலேயே குறிப்பெழுதி, தேடியவுடன் கிடைக்குமாறு அடுக்கி வைக்கும் முறையைக் கூறுவோம்.